நோர்வேயின் கரையோரக் கப்பல்: கடல் ஒவ்வாத அம்மாவை அழைத்துச் செல்லலாமா?

உவர்மலை வாசி:
பேர்கனில் வாழும் என் தங்கை, வரும் ஆனி மாதம் அம்மாவையும் என்னையும் அங்கிருந்து நோர்வேயின் வடகிழக்குக் கோடியிலுள்ள கிர்க்கெனெஸ் வரை செல்லும் பயணிகள் கப்பலில் ஏற்றிவிட விரும்புகிறாள். அம்மாவோ யுத்தக் காலத்தில் திருகோணமலையிலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் போனபோது வழிநெடுக வாந்தியெடுத்தவர். இன்றும் மூதூர் வள்ளத்தைக் கண்டால் "நான் பாலத்தாலேயே வாறன்" என்பார். "பியோர்ட் என்றால் குளம் மாதிரி" என்று தங்கை சொல்வதை நம்பலாமா?

வடகடல்:
தங்கை சொல்வதில் பாதி உண்மை. பனியாறுகள் குடைந்த பள்ளத்தாக்கில் கடல் புகுந்ததே பியோர்ட் என்பதால், இருபுறமும் மலை காக்க உள்ளே அலை குறைவு. ஆனால் இக்கப்பல் பியோர்ட்டுகளுக்குள்ளேயே ஓடுவதில்லை. 1893இல் ரிச்சர்ட் வித் என்ற கப்பலோட்டி தபாலும் சரக்கும் ஏற்றத் தொடங்கிய சேவை இது. இன்று ஹூர்டிகுருட்டன், ஹவிலா என்ற இரு நிறுவனங்கள் நடத்துகின்றன. 34 துறைமுகங்களைத் தொட்டுத் திரும்ப 12 நாட்கள் ஆகும். 204 கிலோமீற்றர் நீளமான சொங்னெ பியோர்ட்டுக்குள் இது நுழைவதில்லை என்பதைப் பலர் ஏறிய பிறகுதான் அறிகிறார்கள்.

அம்மாவுக்குச் சோதனையாகக்கூடியவை திறந்த கடல் வரும் இடங்களே: ஓலெசுண்டுக்குத் தெற்கே ஸ்டாட் முனை, ரோர்விக்குக்குத் தெற்கே ஃபோல்டா, பூடோவிலிருந்து லொஃபோட்டன் தீவுகளுக்குக் கடக்கும் வெஸ்ட்பியோர்ட். கடைசியானது பெயரில்தான் பியோர்ட்; காற்றெழுந்தால் நம் வாடைக்காலக் கடலை நினைவூட்டும்.

கொட்டியாரக் குடா:
முழுப் பயணமும் எதற்கு? துறைமுகத்துக்குத் துறைமுகம் பயணச்சீட்டு எடுக்கலாம், பகற்பயணத்துக்கு அறையும் வேண்டாம். தெற்கு நோக்கி வரும் கப்பலில் காலையில் வடக்கே ஹார்ஸ்டாட்டில் ஏறி, மாலையில் லொஃபோட்டன் தீவுகளிலுள்ள ஸ்வோல்வேரில் இறங்குங்கள். தீவுகளுக்கிடையே ஒடுங்கிய நீர்வழிகளில் செல்லும் அந்தப் பகலில் றாஃப்ட்சுண்ட் நீரிணையைக் காணலாம்; கோடையில் காலநிலை இடங்கொடுத்தால் வாயில் ஏறத்தாழ 100 மீற்றரே அகலமான ட்ரோல்பியோர்ட்டுக்குள்ளும் கப்பல் புகுந்து, நின்ற இடத்திலேயே திரும்பும். திருகோணமலைச் சுவாமி மலையின் அடியில் வள்ளத்தில் போய் அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? அதை விடப் பல மடங்கு உயரமான பாறைகள் இருபுறமும் நெருங்கி நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

உவர்மலை வாசி:
அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். ஒரு பகல் என்றதும் முகம் தெளிந்தது. ஆனால் கெய்ராங்கர் பியோர்ட்டைப் பார்க்காமல் வரக்கூடாது என்கிறாள் தங்கை.

வடகடல்:
அதற்கும் ஸ்டாட் முனையைக் கடக்கத் தேவையில்லை. பேர்கனிலிருந்து ஓலெசுண்டுக்கு விமானத்திலோ பேருந்திலோ வந்து அங்கே ஏறுங்கள். ஆனி முதல் ஆவணி வரை வடக்கு நோக்கிச் செல்லும் கப்பல் கெய்ராங்கருக்குள் போய், அன்றே ஓலெசுண்டுக்குத் திரும்பும். ஏழு சகோதரிகள் அருவியைப் பார்க்க மேற்தளத்தில் முன்கூட்டியே இடம் பிடியுங்கள், அம்மாவுக்குத் தடித்த கம்பளிச் சட்டையும் காற்றுக்குத் தொப்பியும் எடுங்கள். வாந்தி மாத்திரையை ஏறுவதற்கு முன்னரே கொடுக்க வேண்டும். தலை சுற்றத் தொடங்கிய பின் விழுங்கிப் பயனில்லை.