சிரித்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது

மஸ்கெலியாக்காரி:
பிள்ளைகளுக்காக இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து (வரிசை வீட்டு) வாழ்க்கையை எழுதத் தொடங்கி நாற்பது பக்கம் ஆகிவிட்டது. 1974 பஞ்சத்தில் எனக்கு எட்டு வயது, மா கிடைக்காமல் கிழங்கும் கீரையுமாகக் கிடந்தோம், அந்த வருசமே, தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் பேர் வந்து தாத்தாவும் அப்பாயியும் கப்பல் பிடிக்கத் தலைமன்னாருக்குக் கோச்சி (ரயில்) ஏறினார்கள். இதெல்லாம் கை நிற்காமல் வருகிறது. ஆனால் அதே வருசம் மாசியில், மன்மதன்–ரதி கதையை ஆடும் காமன் கூத்து நடந்தது. சித்தப்பா மீசையை எடுக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்து, ரதி வேசம் கட்டி, முக்காட்டால் வாயை மூடிக்கொண்டே ஆடினார், நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். இதை எழுத உட்கார்ந்தால் பசியில் கிடந்தவர்களுக்குத் துரோகம் செய்கிற மாதிரி இருக்கிறது. எவ்வளவு சேர்க்கலாம்?

அப்புத்தளையான்:
அக்கா, அளந்து போட இது என்ன கொழுந்தா? ஒரு பக்கம் அழுகை, அடுத்த பக்கம் சிரிப்பு என்று மாற்றி மாற்றி வைத்தால் வாசிக்கிறவனுக்குத் தெரிந்துவிடும். கிடைத்த ஒரு ரொட்டியை யார் சுட்டது, எத்தனையாகப் பிய்த்தது, எவன் ஏமாற்றிப் பெரிய துண்டை எடுத்தான் என்று எழுதுங்கள். எங்கள் வீட்டில் அது நான்தான், அம்மா இன்னும் சொல்லிக் காட்டுவார்.

பழைய கணக்கப்பிள்ளை:
தம்பி சொல்வது சரி, ஆனாலும் எனக்குப் பயம் இருக்கிறது. நம்மைப் பற்றி எழுத வருகிறவர்கள் தப்பு மேளம், கூத்து, பச்சை மலை என்று போட்டுப் படம் காட்டிவிட்டுப் போகிறார்கள். 1948இல் குடியுரிமையைப் பறித்தார்கள், 1964இல் அந்த ஒப்பந்தத்தில் 525,000 பேரை அனுப்புவதென்று இரண்டு அரசும் கணக்குப் போட்டன, நம்மிடம் எவரும் கேட்கவில்லை. கூத்தை எழுதுங்கள் மகள், ஆனால் அதை வைத்துப் பஞ்சத்தை மழுப்பிவிட வேண்டாம்.

மஸ்கெலியாக்காரி:
ரொட்டி என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது. அப்பாயி அம்மிக்குழவியைச் சாக்கில் கட்டி ஹட்டன் ஸ்டேசனுக்கே தூக்கி வந்துவிட்டார். "ஏன் ஆத்தா, இந்தியாவில் கல்லே இல்லையா?" என்று அப்பா கேட்க எல்லோரும் சிரித்தோம், அப்பாயியும்தான். கோச்சி நகர்ந்த பிறகுதான் அழுகை. முதல் தடவை எழுதும்போது குழவியை விட்டுவிட்டு அழுகையை மட்டும் வைத்திருக்கிறேன். இன்று இரவு அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதுகிறேன். சித்தப்பாவின் மீசைக்கு அப்புறம் வருகிறேன், அவரிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.