மிரர்லெஸ் கமராவுக்கு ஒரு சின்ன பிளாஷ்: மலைப்பக்கத்து அனுபவங்கள்

ஹட்டனிலிருந்து:

சடங்கு, கல்யாணம், கோயில் திருவிழா என்று தோட்டத்து வீடுகளில் படம் எடுக்கிறவன் நான். "அண்ணே, மிரர்லெஸ் கமராவுக்குக் கையடக்கமா ஒரு பிளாஷ் சொல்லுங்க" என்று கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். உங்கள் அனுபவத்தையும் சேருங்கள்.

பிளாஷைப் பார்க்கும் முன் நாம் படம் எடுக்கிற வீட்டைப் பார்க்க வேண்டும். வீடியோக்களில் பாடம் சொல்கிறவர்கள் வெள்ளைச் சீலிங் போட்ட அறையில் நின்றுகொண்டு, பிளாஷின் தலையை மேலே திருப்பினால் போதும், வெளிச்சம் மெதுவாக இறங்கும் என்பார்கள். லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறையில், சீலிங் ஏது? மேலே தகரம், அதுவும் அடுப்புப் புகையில் கறுத்த தகரம். போன வெளிச்சம் திரும்பி வராது. சுவரோ பச்சை, இல்லாவிட்டால் நீலம். அதில் அடித்தால் சடங்குப் பொண்ணின் கன்னம் பச்சையாக விழும், பிறகு கம்ப்யூட்டரில் அதைச் சரிபண்ணி முடிவதற்குள் விடிந்துவிடும். நான் செய்வது இதுதான்: ஒரு பக்கத்தில் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்கச் சொல்லி, பிளாஷின் தலையை அதன் பக்கம் திருப்பி அடிப்பேன். சடங்கு வீட்டில் வேட்டிக்கும் பஞ்சமில்லை, பிடித்துக்கொண்டு நிற்க மாமாமார்களுக்கும் பஞ்சமில்லை. ஜன்னலோரத்து வெளிச்சம் மாதிரியே முகத்தில் விழும்.

ஆகவே சின்ன பிளாஷ் எதுவானாலும் என் முதல் கேள்வி, தலை பக்கவாட்டில் திரும்புமா என்பதுதான். சோனியின் சொந்த எஃப்28ஆர்எம் பார்க்க அழகானது, கமராவோடு நன்றாகப் பேசும். ஆனால் தலை மேலே மட்டும்தான் எழும்பும், பக்கத்துக்குத் திரும்பாது. கமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் அந்த "மேலே" பக்கச் சுவரைப் பார்க்கும், படுக்கையாகப் பிடித்தால் கறுத்த தகரத்தைப் பார்க்கும். நமக்குத் தோதில்லை. நிக்கோனின் எஸ்பி-300உம் இதே கதைதான்.

நான் வைத்திருப்பது கோடாக்ஸ் டிடி350. பற்றரி இல்லாமல் ஏறத்தாழ 200 கிராம். தலை மேலே 90 பாகை எழும்பும், பக்கவாட்டில் 270 பாகை சுழலும். இரண்டு பென்டோர்ச் (ஏஏ) பற்றரியில் ஓடும். குறையும் இருக்கிறது. முழு பலத்தில் அடித்தால் மறுபடி தயாராக இரண்டு விநாடிக்குக் கொஞ்சம் மேல் பிடிக்கும். அத்தைமார் தண்ணீர் ஊற்றும் நேரத்தில் இரண்டு விநாடி என்பது பெரிய இடைவெளி. முதல் படம் வெளிச்சமாகவும் அடுத்தது இருட்டாகவும் வரும். அதனால் கமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 800க்கு ஏற்றி, பிளாஷைக் கால் பலத்துக்கு இறக்கிவிடுவேன். தொடர்ந்து அடிக்கலாம், பற்றரியும் நிற்கும்.

பெட்டியில் கைட் நம்பர் (பிளாஷின் பலத்தைக் காட்டும் எண்) 36 என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது தலையை 105 மில்லிமீட்டருக்குக் குவித்து வைத்தபோது கிடைக்கும் கணக்கு. சின்ன அறைக்குள் அகலக் கோணத்தில் எடுக்கும்போது அந்த எண் நன்றாகவே குறையும். கணக்கு சுலபம்: கைட் நம்பரை அப்பச்சரால் (லென்ஸ் திறப்பைச் சொல்லும் எஃப் எண்ணால்) வகுத்தால் மீட்டரில் தூரம் வரும். 20 என்று வைத்தால் எஃப்4இல் 5 மீட்டர், ஐஎஸ்ஓ 100இல். ஐஎஸ்ஓ 400 ஆக்கினால் 10 மீட்டர். இது நேராக அடிப்பதற்கு. வேட்டியில் பட்டு வருவதற்கு இதில் பாதிகூடக் கிடைக்காது.

அதே கம்பனியின் வி350இல் லித்தியம் பற்றரி. சீக்கிரம் தயாராகும், ஒரு சார்ஜில் 500 தடவை அடிக்கலாம் என்கிறார்கள். நான் அதற்குப் போகவில்லை. நடுராத்திரியில் தோட்டத்தில் அது தீர்ந்தால் எங்கே போவது? பென்டோர்ச் பற்றரி லயத்துக் கடையிலும் கிடைக்கும்.

பண்டாரவளையிலிருந்து:

அண்ணன் வீட்டைப் பார்க்கச் சொன்னார், நான் கமராவின் தலையைப் பார்க்கச் சொல்கிறேன். எங்கள் ஊர்த் தம்பி ஒருவர் சோனி இசட்வி-இ10 இரண்டாம் பதிப்பை வாங்கிவிட்டு, என்ன பிளாஷ் பொருத்தலாம் என்று கேட்டு வந்தார். பதில் சொல்லச் சங்கடமாக இருந்தது. அந்தக் கமராவில் மெக்கானிக்கல் ஷட்டரே (திறந்து மூடும் திரையே) இல்லை, எந்தப் பிளாஷும் அதில் வேலை செய்யாது. முதல் பதிப்பில் அந்தப் பிரச்சினை கிடையாது. வீடியோவுக்கென்று வந்த கமராக்களை எடுக்கும்போது இதைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

கெனன் ஆர்50 வைத்திருப்பவர்களும் கவனம். அதன் ஹொட் ஷூவில் (மேலே பிளாஷ் மாட்டும் இடத்தில்) நடுவிலிருக்கும் அந்தப் பழைய பொட்டுத் தொடுமுனை இல்லை. வழக்கமான பிளாஷ் பொருத்த ஏடி-இ1 என்ற இடைத்துண்டு வேண்டும், அதையும் சேர்த்துத்தான் செலவைக் கணக்குப் போட வேண்டும்.

அப்புறம் அந்தக் கடைசி எழுத்து. டிடி350இன் பின்னால் எஸ் என்றால் சோனிக்கு, சி கெனனுக்கு, என் நிக்கோனுக்கு, எஃப் புஜிக்கு, ஓ ஒலிம்பஸுக்கும் பானசோனிக்குக்கும். கடையில் பெட்டியைத் திறந்து, நம் கமராவிலேயே மாட்டி, ஒரு படம் எடுத்துப் பார்த்துத்தான் காசைக் கொடுப்பேன். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

பற்றரி விஷயத்தில் ஒரு சொல். கடைச் சாதாரண பற்றரி நம் குளிருக்குச் சீக்கிரம் சோர்ந்துவிடும். ரீசார்ஜ் பண்ணும் நிக்கல் பற்றரி இரண்டு சோடி வாங்கி, ஒன்றைச் சட்டைப் பைக்குள் சூடாக வைத்துக்கொள்ளுங்கள் அண்ணே. கடைப் பற்றரி அவசரத்துக்கு மட்டும்.

மஸ்கெலியாவிலிருந்து:

எனக்கு வீட்டுக்குள் வேலை குறைவு, வெளியேதான். எங்கள் பக்கம் மூடுபனிக்குள் கமராவின் மேல் வைத்து பிளாஷ் அடித்தால், பஸ்ஸுக்கு ஹெட்லைட் போட்ட மாதிரி முன்னால் வெள்ளைச் சுவர் எழும்பும். ஆளே தெரியாது. லென்ஸுக்குப் பக்கத்தில் மிதக்கும் நீர்த்துளிகளில் பட்டு வெளிச்சம் நேரே திரும்பி வருவதுதான் காரணம். பிளாஷைக் கழற்றி ஒரு பக்கமாக, கொஞ்சம் பின்னால் பிடித்தால் அதே பனி ஒளிர்ந்துகொண்டு ஆளைச் சுற்றி நிற்கும். சிவனொளிபாதமலைப் படிகளில் தம்பியிடம் பிளாஷைக் கொடுத்துத்தான் எடுக்கிறேன். டிடி350க்குள்ளேயே 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ இருப்பதால் கமராவின் மேல் ஒரு ட்ரிகர் (பிளாஷை தூரத்திலிருந்து அடிக்க வைக்கும் கருவி) இருந்தால் போதும்.

மாசியில் காமன் கூத்து எடுக்கும்போது நேர்மாறு. பந்தம் எரிகிற முகங்கள் மேல் வெள்ளை பிளாஷ் விழுந்தால் கூத்தே செத்துவிடும். செம்மஞ்சள் ஜெல் தாளை முகப்பில் ஒட்டி, பலத்தை எட்டில் ஒன்றுக்கு இறக்கி, ஷட்டரை முப்பதில் ஒரு விநாடிக்கு வைப்பேன். நெருப்பின் வெளிச்சம் தானாகப் படத்துக்குள் வரும், பிளாஷ் கண்ணை மட்டும் தூக்கிக் காட்டும்.

நுவரெலியாவிலிருந்து:

எல்லோரும் நன்றாகச் சொன்னீர்கள். நான் படிக்கிற பிள்ளை, அவ்வளவு காசு இல்லை. கோடாக்ஸ் ஐஎம்30 மாதிரிக் குட்டி பிளாஷ் எடுக்கலாமா? பூங்காவில் நண்பர்களைப் படம் பிடிக்கத்தான்.

ஹட்டனிலிருந்து:

எடுக்கலாம் தம்பி. பகல் வெயிலில் முகத்து நிழலை எடுக்க அது போதும். ஆனால் தானாக அளக்காது, பலத்தை நீங்கள்தான் கூட்டிக் குறைக்க வேண்டும். சிங்க் வேகத்தை (பிளாஷோடு எடுக்கக்கூடிய அதிகபட்ச ஷட்டர் வேகத்தை) விட வேகமாக எடுக்கும் ஹை ஸ்பீட் சிங்க் கிடையாது, உங்கள் கமராவின் அந்த வேகத்தைத் தாண்டக் கூடாது. சோனி ஏ6400 என்றால் நூற்றி அறுபதில் ஒரு விநாடி. வெயிலில் அந்த வேகத்தில் நிற்க எஃப்8, எஃப்11 என்று மூட வேண்டியிருக்கும், பின்புலம் மங்கலாக வராது. தலை அசையாது, சடங்கு வீட்டுக்கு அதைக் கொண்டுபோக வேண்டாம். சைலண்ட் ஷட்டரையும் அணைத்துவிடுங்கள், அது போட்டிருந்தால் பல கமராக்களில் பிளாஷ் எரியாது. பெரும்பாலும் பழுது என்று திருப்பிக் கொடுக்க வருகிறவர்களிடம் இருப்பது அந்தக் கோளாறுதான்.

உங்களிடம் கெனன் ஆர்50தானா என்று மட்டும் சொல்லுங்கள். அப்படியானால் பண்டாரவளை அக்கா சொன்ன இடைத்துண்டுக் காசையும் போட்டு, அதோடு இந்தக் குட்டி பிளாஷ் எரிகிறதா என்று கடையிலேயே மாட்டிப் பார்த்துவிட்டு முடிவு பண்ணுவோம்.