வரிக்குறைப்பைத் திரும்பப் பெற்றால் வளர்ச்சியும் திரும்பிப் போய்விடுமா? கான்சஸ் மாநிலத்தை முன்வைத்து ஓர் ஐயம்

கேள்வி (பதிவிட்டவர்: நிதிநிலை வாசகர்)

வணக்கம். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் 2012ஆம் ஆண்டு ஆளுநர் சாம் பிரவுன்பேக் கையெழுத்திட்ட வருமான வரிக்குறைப்பு, 2017 ஜூன் மாதம் பெரும்பாலும் ரத்து செய்யப்பட்டது. ரத்து செய்தது எதிர்க்கட்சி அன்று. அவருடைய குடியரசுக் கட்சியே பெரும்பான்மை வகித்த சட்டமன்றம்தான். அவர் வீட்டோ செய்த (ஒப்புதல் தர மறுத்த) பிறகும், இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட வாக்குகளால் அந்த வீட்டோவைத் தள்ளிவிட்டுச் சட்டத்தை நிறைவேற்றின.

என் ஐயம் இதுதான். வரியைக் குறைத்தால் வளர்ச்சி பெருகும் என்று வாதிடுவோர், குறைப்பைத் திரும்பப் பெற்றால் அதே அளவுக்கு வளர்ச்சி குன்றும் என்றும் சொல்கிறார்கள். ஏறிய படிகளிலேயே இறங்குவதுபோல இது நடக்குமா? அல்லது குறைப்பின் விளைவுகளும் ரத்தின் விளைவுகளும் வெவ்வேறு இடங்களில் போய் விழுகின்றனவா? விவரம் அறிந்தோர் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பதில் (பதிவிட்டவர்: பழைய கணக்காளர்)

அந்த ஆண்டுகளில் கான்சஸில் ஒரு சிறு கணக்காளர் அலுவலகத்தில் வரிப் படிவங்கள் தயாரித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். அன்றைய சட்டத்தில் எல்லோரும் பேசியது வருமான வரியின் உச்ச விகிதம் 6.45 சதவீதத்திலிருந்து 4.9 சதவீதமாக இறங்கியதைத்தான். ஆனால் கஜானாவைக் கரைத்ததில் கணிசமான பங்கு இன்னொரு பிரிவுக்கு உண்டு. எல்.எல்.சி. (உரிமையாளரின் கடன் பொறுப்புக்கு வரம்புள்ள நிறுவனம்), கூட்டாண்மை, தனியுரிமைத் தொழில் போன்றவற்றில், நிறுவனம் தானாக வரி கட்டாமல் உரிமையாளரின் சொந்தக் கணக்குக்குள் வந்து சேரும் இலாபம் இருக்கிறதல்லவா, அதற்கு மாநில வருமான வரியே இல்லை என்று அந்தப் பிரிவு சொன்னது.

இதன் பொருளை ஒரே மேசையில் இரண்டு படிவங்களை அருகருகே வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் முழுமையாகப் புரியும். ஒருவர் பட்டறையின் உரிமையாளர், ஆண்டுக்கு 60,000 டாலர் இலாபம். மாநில வரி சுழியம். அவருக்கு அடுத்து வந்தவர் அதே தொகையைச் சம்பளமாக வாங்கும் ஊழியர், மணமாகாதவர். அவருக்கு இரண்டாயிரம் டாலருக்கு மேல் வரி. ஒரே வருமானத்துக்கு இத்தனை வேறுபாட்டை வைத்த பிறகு, வாடிக்கையாளர்கள் என்ன கேட்பார்கள் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. "என் சம்பளத்தை எப்படியாவது தொழில் இலாபமாக மாற்றிக் காட்ட வழி உண்டா?" என்ற கேள்வி அந்தக் காலத்தில் எங்கள் அலுவலகத்துக்குள் நாள்தோறும் வந்தது. அரசு எதிர்பார்த்ததைவிட மிக அதிகமானோர் அந்த விலக்கைப் பெற்றார்கள்.

நான் சொன்ன பட்டறை உரிமையாளரிடம், மிச்சமான பணத்தை என்ன செய்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். சரக்கு வண்டிக்கு வாங்கியிருந்த கடனை அடைத்ததாகச் சொன்னார். ஆள் சேர்க்கவில்லையா என்றதற்கு, "வேலை கூடினால்தானே ஆள் தேவைப்படும், வரி குறைந்ததால் எனக்கு ஆர்டர் கூடவில்லையே" என்றார். நல்ல மனிதர், தவறாக எதையும் செய்யவில்லை. அவர் சொன்ன காரணம் எந்தப் பாடநூலைவிடவும் எனக்குத் தெளிவாக இருந்தது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அமெரிக்காவின் நடுவண் அரசான கூட்டரசைப் போல ஒரு மாநிலம் ஆண்டுதோறும் கடன் வாங்கி அன்றாடச் செலவை நடத்த முடியாது. வரவு குறைந்தால் செலவைக் குறைக்கவேண்டும், அல்லது வேறு வரியை ஏற்றவேண்டும். கான்சஸ் இரண்டையும் செய்தது. நெடுஞ்சாலை நிதியிலிருந்து பொது நிதிக்குப் பணம் எடுக்கப்பட்டது. 2014இல் மாநிலத்தின் கடன் தரமதிப்பீடு இறங்கியது. 2015இல் சில பள்ளி மாவட்டங்கள் நிதிப் பற்றாக்குறையால் கல்வியாண்டைச் சில நாள்கள் முன்னதாகவே முடித்துக்கொண்டன. அதே ஆண்டு விற்பனை வரி 6.15 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக ஏறியது; மளிகைப் பொருள்களுக்கும் அதே விகிதம். ஆக, உரிமையாளருக்குக் குறைந்த வரியில் ஒரு பகுதியை, ரொட்டி வாங்குபவர் கடையில் கட்டினார்.

பதில் (பதிவிட்டவர்: மாற்றுக்கருத்து)

மேலே உள்ளவற்றை மறுக்கவில்லை. ஆனால் கான்சஸை வைத்து வரிக்குறைப்பு என்ற கருத்தையே தள்ளிவிடுவது நியாயமாகாது. 2014இன் பிற்பகுதியில் கச்சா எண்ணெய் விலை சரிந்தது, பயிர் விலைகளும் வீழ்ந்தன. இரண்டையும் நம்பியிருக்கும் மாநிலம் அது. மேலும், ஆளுநரின் முதல் திட்டத்தில் வரிக்கழிவுகள் பலவற்றை நீக்கி வருவாய் இழப்பை ஈடுசெய்யும் ஏற்பாடு இருந்தது. சட்டமாக நிறைவேறியபோது அந்த ஈட்டில் பெரும்பகுதி உதிர்ந்துவிட்டது. 1986இல் ரீகன் காலத்துக் கூட்டரசுச் சீர்திருத்தம் உச்ச விகிதத்தை 50 சதவீதத்திலிருந்து 28 சதவீதத்துக்குக் கொண்டுவந்தபோது, சலுகைகளையும் ஓட்டைகளையும் அடைத்தே அதைச் செய்தது. கான்சஸ் விகிதத்தைக் குறைத்ததோடு புதிதாக ஒரு பெரிய ஓட்டையையும் போட்டது. பிழை அங்கேதான் என்பது என் கருத்து.

கேள்வி கேட்டவரின் தொடர்ச்சி

இருவருக்கும் நன்றி. குறைப்பின் பக்கம் தெளிவாகிவிட்டது. ரத்தின் பக்கத்தை யாராவது விளக்கமுடியுமா?

பதில் (பதிவிட்டவர்: பொருளியல் மாணவி)

ஐயா, ரத்தின் விளைவைப் பார்க்க 2013ஆம் ஆண்டு நல்ல சான்று. ஜார்ஜ் டபிள்யூ. புஷ் காலத்தில், 2001இலும் 2003இலும் வந்த கூட்டரசு வரிக்குறைப்புகள் 2010 இறுதியில் காலாவதியாகவேண்டியவை. இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டு, 2013 ஜனவரியில் உச்சத்தில் இருப்போருக்கு மட்டும் விலக்கிக்கொள்ளப்பட்டன. தனி நபருக்கு 400,000 டாலருக்கு மேற்பட்ட வருமானத்தின் விகிதம் 35இலிருந்து மீண்டும் 39.6 சதவீதமானது. பங்காதாயத்தின் மீதான வரியும், அதாவது நிறுவனங்கள் பங்குதாரர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் இலாபத்தின் மீதான வரியும், அவர்களுக்கு ஏறியது. இது வரப்போகிறது என்று தெரிந்ததும், பல நிறுவனங்கள் 2012 இறுதியிலேயே சிறப்புப் பங்காதாயத்தை வழங்கித் தீர்த்தன. இதனால் 2012இன் கணக்கில் செல்வந்தர்களின் வருமானம் வீங்கியும், 2013இல் வற்றியும் தெரிந்தது. அந்த இரண்டு ஆண்டுகளை மட்டும் ஒப்பிட்டு, வரி ஏறியதால் அவர்கள் உழைப்பைக் குறைத்துக்கொண்டார்கள் என்று முடிவு கட்டினால் அது பெரும் பிழை. பணம் எங்கும் போகவில்லை, தேதிதான் மாறியது.

அதே மாதம் இன்னொரு வரிக்குறைப்பும் முடிந்தது. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. ஊழியரின் சம்பளத்தில் பிடிக்கப்படும் சமூகப் பாதுகாப்பு வரி, இரண்டு ஆண்டுகள் 4.2 சதவீதமாக இருந்துவிட்டு, 6.2க்குத் திரும்பியது. 50,000 டாலர் சம்பளக்காரருக்கு இது ஆண்டுக்கு 1,000 டாலர். அவருக்குத் தேதியை மாற்றிக்கொள்ள வழியில்லை. முதல் சம்பளச் சீட்டிலேயே தொகை குறைந்தது, செலவைச் சுருக்குவதைத் தவிர வேறு என்ன செய்யமுடியும்? ஆகவே, ரத்து வளர்ச்சியைப் பாதிக்குமா என்று பொதுவாகக் கேட்பதைவிட, யாருடைய வரி திரும்ப ஏறுகிறது, அவர் கையில் வரும் பணத்தில் எவ்வளவை உடனே செலவழிப்பவர் என்று கேட்பதுதான் சரி.

கான்சஸுக்கு வருகிறேன். 2017இன் ரத்து தொழில் இலாப விலக்கை நீக்கியது. ஆனால் உச்ச விகிதத்தைப் பழைய 6.45க்குக் கொண்டுபோகாமல் 5.7 சதவீதத்தில் நிறுத்தியது. நிதிப் பற்றாக்குறையை அடைக்க 2015இல் ஏற்றிய விற்பனை வரியோ அந்த ரத்தோடு இறங்கவில்லை. மளிகைப் பொருள்களின் மீதான மாநில விற்பனை வரி 2023இல் 4 சதவீதமாகவும், 2024இல் 2 சதவீதமாகவும் படிப்படியாக இறங்கி, 2025 ஜனவரி 1ஆம் நாள்தான் சுழியமானது. மற்ற பொருள்களுக்கு 6.5 சதவீதம் அப்போதும் அப்படியே இருந்தது.

பதில் (பதிவிட்டவர்: பழைய கணக்காளர்)

கான்சஸ் ரத்தைப் பற்றி மாணவி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ரத்து 2017 ஜனவரி முதலே செல்லும் என்று ஜூனில் முடிவானபோது, அந்தப் பட்டறை உரிமையாளர் மீண்டும் எங்களிடம் வந்தார். ஐந்து மாத இலாபத்துக்கு அவர் வரி ஒதுக்கி வைத்திருக்கவில்லை. தவணைகளைக் கணக்கிட்டுக் கொடுத்தோம். பட்டறையை மூடவில்லை, யாரையும் வேலையைவிட்டு அனுப்பவும் இல்லை. அந்த ஆண்டு வாங்க நினைத்த கடைசல் இயந்திரத்தை மட்டும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வைத்தார்.