ஐட்லிங் இறங்காத டூ ஸ்ட்ரோக் ஏடிவி: ஜெட்டைச் சரிசெய்யும் முன் நடந்தவை

கரடுமுரடான பாதையில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி, ஒற்றை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் ஏடிவி. சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து (போர் செய்து), புதிய பிஸ்டனும் ரிங்கும் போட்டேன். கிராங்க் பக்கத்தைப் பிரிக்கவில்லை. எஞ்சின் உடனே ஸ்டார்ட் ஆனது. ஆனால் த்ராட்டிலை விட்ட பிறகும் வேகம் இறங்காமல் சில நொடிகள் இரைந்துகொண்டே நின்று, பிறகுதான் தணிந்தது.

பெட்ரோல் போதவில்லை என்று எண்ணி, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளைத் திருகான மெயின் ஜெட்டை இரண்டு அளவு பெரிதாக்கினேன். துளி மாற்றமும் இல்லை. இருக்கவும் வழியில்லை. மெயின் ஜெட்டுக்கு வேலை முக்கால் த்ராட்டிலுக்கு மேல்தான். ஐட்லிங்கைப் பார்த்துக்கொள்பவை சிறிய பைலட் ஜெட்டும், காற்றின் அளவைத் திருத்தும் ஏர் ஸ்க்ரூவும். அந்த ஸ்க்ரூவைத் திருகியும் எஞ்சின் பொருட்படுத்தாதபோதுதான் சந்தேகம் கார்புரேட்டரை விட்டு விலகியது.

எங்காவது காற்று கசிகிறதா என்று பார்க்க, இன்டேக்கையும் எக்ஸாஸ்டையும் அடைத்து, 6 பிஎஸ்ஐ அழுத்தத்துக்குக் காற்று ஏற்றினேன். ஆறு நிமிடம் நிற்க வேண்டிய அழுத்தமானி முள் ஒரே நிமிடத்தில் பாதிக்குக் கீழே வந்துவிட்டது. ஃப்ளைவீலைக் கழற்றி, கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான கிராங்க் சீலைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவினேன். மிளகளவு குமிழ்கள் ஒரே இடத்திலிருந்து வரிசையாகக் கிளம்பின. பிஸ்டன் மேலேறும் ஒவ்வொரு முறையும் கார்புரேட்டரைத் தொடாத காற்று அந்த வழியே உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது! அப்படியே விரட்டி ஓட்டியிருந்தால் புதிய பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரில் இறுகிப் பிடித்திருக்கும்.

சீலை மாற்றியதும் ஏர் ஸ்க்ரூ பேச்சைக் கேட்டது. ஒன்றே முக்கால் சுற்றில் ஐட்லிங் சீரானது. மெயின் ஜெட்டைப் பெரிய அளவிலிருந்தே தொடங்கினேன். பெட்ரோல் அதிகமாகி, முழுத் த்ராட்டிலில் எஞ்சின் சீராக எரியாமல் இடைவிட்டு இடைவிட்டுச் சத்தம் போட்டது. ஒவ்வோர் அளவாகக் குறைத்தேன். சத்தம் தெளிந்ததும் புதிய பிளக்கைப் போட்டு முழுத் த்ராட்டிலில் ஓட்டி, கிளட்சைப் பிடித்தபடி எஞ்சினை அணைத்தேன். பிளக் பீங்கானின் அடியில் மெல்லிய பழுப்பு வளையம்; பெட்ரோல் அளவு சரி என்பதன் அடையாளம். அந்த நிறத்தைப் பார்த்தபோது கிடைத்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

*

மேலே எழுதிய நண்பருக்கு நடந்ததன் மறுபக்கம் எனக்கு நடந்தது. ஓயாத வெண்புகை, நனைந்த பிளக். பெட்ரோல் அதிகம் என்று முடிவுகட்டி ஜெட்டைக் குறைத்துக்கொண்டே போனேன். புகை நிற்கவில்லை. தரையில் ஒரு சொட்டுக்கூட ஒழுகாமல் கியர் ஆயில் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. கிளட்ச் பக்கத்துச் சீல் கிழிந்து, எஞ்சின் அந்த ஆயிலை உறிஞ்சி எரித்திருக்கிறது. சீலை மாற்றிய அன்றே, பழைய பெரிய ஜெட்டைத் திரும்பப் போட்ட பிறகுதான் வண்டியை ஓட்டத் துணிந்தேன். குறைத்த ஜெட்டோடு நீண்ட ஏற்றம் ஏறாமல் விட்டதால் பிஸ்டன் தப்பியது.

*

நண்பர்களே, அந்த 6 பிஎஸ்ஐ சோதனைக்கு எக்ஸாஸ்டை எதைக் கொண்டு அடைத்தீர்கள்? ரப்பர் அடைப்பான் எனக்கு நழுவிக்கொண்டே இருக்கிறது.