அல்லேஜ்: 'வெற்றிடம்' வேண்டாம், 'விடுவெளி' என்று வைக்கலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். தொட்டியில் பெட்ரோலியமோ ரசாயனமோ நிரப்பும்போது மேலே கொஞ்சம் இடம் விடுகிறோமே, கப்பல்காரர்களும் டெர்மினல் எனப்படும் எண்ணெய்க் கிடங்குக்காரர்களும் 'அல்லேஜ்' என்கிறார்களே, அதற்குத் தமிழில் இதுவரை நம் கலைச்சொல் குழுவில் வந்திருக்கும் சொற்கள்: வெற்றிடம், காலியிடம், தலைவெளி, விரிவிடம், கண்ணளவு. பாதுகாப்புக் கையேட்டை மொழிபெயர்க்கும் அம்மா சீக்கிரம் ஒரு முடிவு சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். அதனால் என் கருத்தைக் கொஞ்சம் நீளமாகவே எழுதிவிடுகிறேன்.

> வெற்றிடம் எல்லோருக்கும் தெரிந்த சொல். எளிதில் புரியும். புதுச்சொல் எதற்கு?

புரியும், ஆனால் தவறாகப் புரியும் ஐயா. பள்ளி இயற்பியலிலேயே வெற்றிடம் என்றால் காற்றுகூட இல்லாத இடம் என்று படித்துவிட்டோம். இதே கையேட்டில் அந்தப் பொருளில் அந்தச் சொல் வேறு தேவைப்படும். நிலையான கூரை போட்ட தொட்டியிலிருந்து எண்ணெயை வேகமாக இறைக்கும்போது, காற்றை உள்ளே விட வேண்டிய வால்வு அடைத்துக்கொண்டால், உள்ளழுத்தம் இறங்கி அவ்வளவு பெரிய எஃகுத் தொட்டி அப்படியே உள்வாங்கி நசுங்கிவிடும். அங்கே 'வெற்றிடம்' என்று எழுதிவிட்டு, அடுத்த பத்தியில் பெட்ரோல் ஆவி நிறைந்திருக்கும் இடத்துக்கும் அதே சொல்லை எழுதினால் படிக்கிற ஆபரேட்டர் என்ன செய்வார்?

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. வெற்று, காலி, வெறுமை எல்லாமே 'அங்கே ஒன்றுமில்லை' என்று சொல்கிற சொற்கள். இந்தத் தொழிலில் ஆளைக் கொல்வதே அந்த 'ஒன்றுமில்லாத' இடம்தான். பெட்ரோல் ஆவி காற்றில் ஏறக்குறைய 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை கலந்திருந்தால் பற்றிக்கொள்ளும். பெட்ரோல் நிறைந்த தொட்டியில் திரவத்துக்கு மேலே பெரும்பாலும் ஆவி மிகுந்து, எரிவதற்குப் போதிய காற்று இருக்காது. இறைத்து முடித்து, அடியில் கொஞ்சம் ஈரம் மட்டும் நின்று, வெளிக்காற்று உள்ளே புகுந்த தொட்டியில்தான் கலவை அந்த எல்லைக்குள் வந்து உட்காரும். நிறைந்த டிரம்மைவிடக் காலி டிரம் ஆபத்து என்று அனுபவப்பட்ட தொழிலாளிகள் சொல்வது இதனால்தான்.

மொழியியலாளர் பெஞ்சமின் லீ வொர்ஃப் இதையே கவனித்திருக்கிறார். அவருக்குச் சோறு போட்ட வேலை தீக்காப்பீட்டு நிறுவனத்தில் ஆய்வாளர் வேலை. பெட்ரோல் நிறைந்த டிரம்களின் பக்கத்தில் மிகவும் எச்சரிக்கையாக நடப்பவர்கள், 'காலி' என்று பெயரிட்ட டிரம்களின் பக்கத்தில் சிகரெட் பிடிக்கிறார்கள், அணையாத சிகரெட் துண்டை எறிகிறார்கள் என்று எழுதினார். மொழி சிந்தனையை எவ்வளவு தூரம் ஆட்டிவைக்கிறது என்கிற அவருடைய பெரிய கோட்பாட்டை மொழியியலாளர்கள் பலர் ஏற்பதில்லை, அது இருக்கட்டும். எச்சரிக்கைப் பலகையில் எழுதப்போகும் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்கும் நமக்கு அந்தச் சின்னக் கவனிப்பு போதும்.

கப்பலில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 1969 டிசம்பரில், சில வார இடைவெளிக்குள், மார்பெசா, மாக்ட்ரா, காங் ஹாக்கோன் VII என்று மூன்று மிகப்பெரிய டேங்கர்கள் வெடித்தன. மூன்றிலும் சரக்கு கிடையாது. கச்சா எண்ணெயை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் தொட்டிகளை நீர் பீய்ச்சிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பீய்ச்சிய நீரின் நுண்துளிகளில் ஏறிய நிலைமின்சாரம் ஆவியைப் பற்றவைத்தது என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தார்கள். அதன்பிறகுதான் சரக்குத் தொட்டிக்குள் ஆக்சிஜன் குறைந்த 'மந்த வளிமத்தை'ச் செலுத்தி, ஆக்சிஜனை 8 விழுக்காட்டுக்கு மேல் போகவிடாமல் வைத்திருக்கும் முறை பெரிய டேங்கர்களுக்குக் கட்டாயமானது. இத்தனை பாடுபட்டுப் பாதுகாக்கிற இடத்துக்கு 'வெற்றிடம்' என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

> விரிவிடம் என்று வைத்தால் காரணமும் சேர்ந்து விளங்கும். வெப்பத்தில் விரிவதற்குத்தானே இடம் விடுகிறோம்?

அழகான சொல், அதில் ஐயமில்லை. காரணமும் உண்மை. பெட்ரோல் ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 0.1 விழுக்காடு விரியும். 1,000 கிலோலிட்டர் சரக்கு 15 டிகிரி சூடேறினால் 15,000 லிட்டர் கூடிவிடும். எல்பிஜி இன்னும் அதிகமாக விரியும், அதனால்தான் அந்தக் கலன்களை வழக்கமாக 80-85 விழுக்காட்டோடு நிறுத்திவிடுகிறார்கள்.

ஆனால் இடம் விடுவதற்கு இது ஒன்றுதான் காரணம் என்றில்லை. கந்தக அமிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடர் அமிலம் ஒரு லிட்டர் 1.84 கிலோ. பெட்ரோலுக்கென்று செய்த லாரித் தொட்டியில் அதை ஊற்றினால், பாதி நிரம்புவதற்குள் வண்டியின் எடை வரம்பு முடிந்துபோகும். அப்போது மேலே விடுகிற இடம் எடைக்காக விடுகிற இடம், விரிவுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. அப்புறம், இப்படி அதிகமாக இடம் விட்டாலும் தொல்லைதான். 'நிறைகுடம் தளும்பாது' என்று நம் ஆட்கள் சொன்னது டேங்கர் லாரிக்கு அப்படியே பொருந்துகிறது. குறையாக நிரப்பிய தொட்டியில் வளைவிலும் பிரேக்கிலும் திரவம் முன்னும் பின்னும் அலைமோதி வண்டியைக் கவிழ்த்துவிடும். ஐரோப்பியச் சாலைப் போக்குவரத்து விதிகள், 7,500 லிட்டருக்கு மேற்படாத பகுதிகளாகத் தடுப்புத் தகடு வைத்துப் பிரிக்காத தொட்டியை ஒன்று 80 விழுக்காட்டுக்குக் குறையாமல் நிரப்பு, இல்லையென்றால் 20 விழுக்காட்டுக்கு மேல் போகாதே என்கின்றன. ஆக, நாம் தேடும் சொல் கூடுதலாக விட்ட இடத்துக்கும், குறைவாக விட்ட இடத்துக்கும், என்ன காரணத்துக்காக விட்டாலும் பொருந்த வேண்டும். 'விரிவிடம்' அங்கே தடுக்கிவிடுகிறது.

> மூலச்சொல்லே 'கண்' என்ற பொருளுள்ள இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தமிழிலும் துளைக்குக் கண் என்று சொல்கிறோம். கண்ணளவு என்று வைக்கலாம்.

வேர் சரிதான். மதுப்பீப்பாயின் அடைப்புத் துளையைக் கண் என்றார்கள், அந்தக் கண் வரைக்கும் நிரப்புவதைக் குறித்த பிரெஞ்சு வினையிலிருந்து சொல் வந்தது, பிறகு நிரம்பாத பகுதிக்குப் பெயராகிவிட்டது. மதகுக்கும் பாலத்துக்கும் கண் உண்டு என்பதால் ஒப்புமையும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் 'கண்ணளவு' என்று கேட்டதும் நம் மனதில் வருவது குத்துமதிப்பாகப் பார்த்துச் சொல்வது. மில்லிமீட்டர் கணக்கில் நாடா விட்டு அளக்கும் வேலைக்கு அந்தப் பெயர் ஆகாது.

தலைவெளியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. படியைத் தலைதட்டி அளப்பது என்றால் விளிம்பு வரை நிறைய அளப்பது என்று பொருள் இருக்கும்போது, நிறையாத இடத்துக்குத் 'தலை' என்று பெயர் வைப்பது எனக்கு ஒட்டவில்லை.

சரி, என் முன்மொழிவு: விடுவெளி.

விடுகதை, விடுமுறை போல இதுவும் வினைத்தொகை. விட்ட வெளி, விடுகிற வெளி, விடும் வெளி என்று மூன்று காலத்துக்கும் நிற்கும். ஏற்கெனவே நிரப்பிய தொட்டியில் எவ்வளவு இருக்கிறது, இனி நிரப்பப்போகும் தொட்டியில் எவ்வளவு விட வேண்டும் என இரண்டையும் ஒரே சொல்லால் பேசலாம். ஒருவர் தெரிந்தே விட்டது என்ற பொறுப்பும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. உள்ளே ஆவி இருக்கிறதா, மந்த வளிமம் இருக்கிறதா, காற்று இருக்கிறதா என்று அது எதையும் சொல்வதில்லை, அதனால் தவறாகவும் சொல்வதில்லை. கூட்டுச்சொற்களும் எளிதாக வருகின்றன: விடுவெளி விழுக்காடு, குறைந்தபட்ச விடுவெளி, விடுவெளி ஆவி. டேங்கர்களில் 95 விழுக்காட்டில் ஒன்றும் 98 விழுக்காட்டில் ஒன்றுமாக இரண்டு எச்சரிக்கை மணி இருக்குமே, 'விடுவெளி 2 விழுக்காட்டுக்குக் கீழே போகக் கூடாது' என்று எழுதிப் பாருங்கள், நாக்கில் தடங்கல் இல்லை.

ஒன்றை மட்டும் பிரித்துவிட வேண்டும். மூலச்சொல் இடத்தையும் குறிக்கிறது, அந்த இடத்தை மேலிருந்து அளந்த நீளத்தையும் குறிக்கிறது. தமிழில் இந்தக் குழப்பத்தைச் சுமக்க வேண்டாம். மிதக்கும் கூரைத் தொட்டியில் கூரை திரவத்தின் மேலேயே மிதப்பதால் ஆவி தங்க இடமே கிடையாது (கூரை கால் ஊன்றித் தரையில் நிற்கும் நேரம் தவிர), ஆனாலும் அளவுக்குழாய் வழியே மேலிருந்து திரவப்பரப்பு வரைக்கும் நாடாவை விட்டு அளக்கத்தான் செய்கிறார்கள். எனவே அந்த நீளத்துக்கு 'மேலளவு' என்று தனிச்சொல் வைக்கலாம். அடியிலிருந்து திரவப்பரப்பு வரை அளப்பதை, டிப் எடுப்பது என்கிறார்களே அதை, கீழளவு எனலாம். அடியளவு என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார், ஆனால் 'அடியளவு 12 மீட்டர்' என்று வந்தால் அடியா மீட்டரா என்று படிப்பவர் ஒரு கணம் நிற்பார்.

இரண்டையும் கூட்டினால் தொட்டியின் மொத்தக் குறிப்புயரம், அதாவது மேலே அளக்கத் தொடங்கும் புள்ளியிலிருந்து அடி வரையுள்ள உயரம், வர வேண்டும். வரவில்லையென்றால் அடியில் கசடு ஏறியிருக்கலாம், அல்லது நாடாவின் நுனியில் கட்டிய எடைக்குண்டு எதிலோ முட்டி நின்றிருக்கலாம். கசடு நிறைந்த கனமான எண்ணெய்களுக்கு மேலளவையே விரும்புவதும் அதனால்தான், குண்டு அடியைத் தொடவே வேண்டாம். மேல், கீழ் என்ற இணை அந்தக் கூட்டலைச் சொல்லிலேயே காட்டிவிடுகிறது என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. தளத்தில் 'டிப்' என்று சொல்பவர்கள் சொல்லட்டும், கையேட்டில் கீழளவு என்று எழுதி முதல் முறை பக்கத்தில் டிப் என்று போட்டால் போதும்.

இவ்வளவு நுணுக்கம் தேவையா என்று தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். தேவை என்றே நினைக்கிறேன். 2005 டிசம்பர் 11 அன்று இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கில் 912 என்ற தொட்டிக்குள் பெட்ரோல் ஏறிக்கொண்டே இருந்தது, மட்டம் காட்டும் கருவி மட்டும் அசையாமல் ஒரே இடத்தில் நின்றுவிட்டது, மட்டம் மிக உயர்ந்தால் நிரப்புவதை நிறுத்த வேண்டிய, கடைசிக் காவலாக இருந்த தனி உயர்மட்ட சுவிட்சும் வேலை செய்யவில்லை. 2,50,000 லிட்டருக்கு மேல் வழிந்து, ஆவி மேகமாகப் பரவி, விடியற்காலை வெடித்தது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். விடுவெளி தீர்ந்துபோனது அங்கே யாருக்கும் தெரியவில்லை. தன் மொழியில் கையேட்டைப் படிக்கிற ஒருவருக்கு அந்த இடத்தைச் சட்டென்று குறிக்க ஒரு பெயர் இருக்க வேண்டும்.

அம்மா, கையேட்டுக்கு வரையறை இப்படி இருக்கலாம். விடுவெளி: மூடிய தொட்டியில் திரவப்பரப்புக்கும் தொட்டியின் உச்சிக்கும் நடுவே விடப்படும் இடம். மேலளவு: தொட்டியின் உச்சியிலுள்ள குறிப்புப் புள்ளியிலிருந்து திரவப்பரப்பு வரையுள்ள செங்குத்துத் தொலைவு.

மறுப்பு இருந்தால் தயங்காமல் எழுதுங்கள், குறிப்பாகக் கப்பலில் வேலை பார்த்தவர்கள். அடுத்ததாக, பம்ப் இழுக்க முடியாமல் அடியில் தங்கிவிடும் சரக்குக்கும் ஒரு சொல் வேண்டும் என்று அம்மா கேட்டிருக்கிறார். 'அடிமண்டி' என்று ஒருவர் சொன்னார். மண்டி கசடைக் குறிக்கும், இங்கே தங்குவதோ விற்கக்கூடிய நல்ல சரக்கு. 'அடித்தேக்கம்' எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்