மே மாசம் கிருஷ்ணகிரி–சேலம் தனியா சைக்கிள்: தண்ணி, டயர், தொப்பூர்

புதுமிதி: மே மாசம் தர்மபுரி வழியா சேலம் வரைக்கும் தனியா போறேன், சுமார் 110 கிமீ. ஹைப்ரிட் சைக்கிள் (ரோடு பைக்கும் மலை பைக்கும் கலந்த மாதிரி), ரிம் பிரேக் (சக்கர விளிம்பைப் பிடிக்கிற பிரேக்), கேரியர்ல 10 கிலோ. தண்ணி எவ்வளவு வேணும்? எப்போ கிளம்பலாம்?

காலைக்காத்து: 4:30க்கே கிளம்பிடுங்க நண்பரே, பின்னாடி சிவப்பு லைட் கட்டாயம். 10:30க்கு எங்க இருந்தாலும் நிழல்ல நிறுத்துங்க. மீதி 4 மணிக்கு மேல. மணிக்கு முக்கால் லிட்டர் கணக்கு. வெறும் தண்ணியே குடிச்சா உடம்புல உப்பு குறைஞ்சு தலைவலி, குமட்டல் வரும். அதனால ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைப் பொடி) கரைச்சுக் குடிங்க: பெரிய பாக்கெட்டுக்கு 1 லிட்டர், 4.2 கிராம் பாக்கெட்டுக்கு 200 மிலி. கெட்டியா கரைச்சா வயித்தைக் கலக்கும்.

செயின்லூப்: தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவுல வர்ற தொப்பூர் மலைப்பாதை இறக்கம்தான் முக்கியம். பிரேக்கை அமுக்கியே வெச்சா ரிம் கொதிச்சு டியூப் வெடிக்கும். முன், பின் மாத்தி மாத்திப் பிடிச்சு விடுங்க. காத்து, டயர்ல போட்டிருக்கிற உச்ச அளவுக்கு 10 பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) கம்மி. லாரிக்கும் அங்க பிரேக் சூடேறும். இடது ஓரம் விடாதீங்க.

புதுமிதி: பஞ்சர்?

செயின்லூப்: வெடிச்ச லாரி டயரோட மெல்லிசுக் கம்பிதான் அதிகம் குத்தும். டயர் உள்பக்கம் துணியால துடைச்சா மாட்டும். சின்ன இடுக்கியால பிடுங்காம புது டியூப் போட்டா அதுவும் போயிடும். டியூப் 2 எடுத்துக்கோங்க. ஒட்டு போட்டா சொல்யூஷன் நல்லா காயட்டும்.

காலைக்காத்து: வெயில்ல பேச்சு குழறுது, வழி குழம்புதுன்னா உடனே நிழல், உடம்பெல்லாம் தண்ணி, 108.