11-ஆம் வகுப்பு மாணவர்களோடு இத்தாலி: கலை வரலாற்றுக்கு எந்த ஊர்கள், என்ன முன்தயாரிப்பு?

கேட்டவர்: ஓவிய டீச்சர், நாகர்கோவில்

ஓவியப் பிரிவில் 18 பேர், கூட 3 ஆசிரியர்கள். ஏஜென்ட் தந்த திட்டம் 9 நாளில் ரோம், பிளாரன்ஸ், வெனிஸ், மிலான், பாரிஸ். பாடத்துக்காகப் போகிறோம் என்றால் இது சரிப்படுமா? விசா வேலையை எப்போது தொடங்கணும்? கிளம்பும் முன் இங்கேயே எதைப் பழக்கினால் பிள்ளைகளுக்கு உதவும்?

பதில் 1: சுவரோவியன்

டீச்சர், இந்தத் திட்டத்தில் பாதி நாள் ரயிலிலும் ஹோட்டல் வரவேற்பறையிலும்தான் கழியும். பாரிஸ், மிலான், வெனிஸ் மூன்றையும் வெட்டுங்க. பிளாரன்ஸில் 4 இரவு, ரோமில் 3 இரவு, பிளாரன்ஸிலிருந்து ஒரு பகல் மட்டும் படுவா ஊருக்குப் போய் வாங்க. எல்லாவற்றையும் காட்ட நினைக்காமல் சுவரோவியம் என்ற ஒரே பொருளைப் பிடிச்சுக்கிட்டுப் போங்க. நம்ம பிள்ளைகளுக்கு அது புதுசில்லை. சுவரோவியம் உள்ள பத்மநாபபுரம் அரண்மனை தக்கலைக்குப் பக்கத்திலேயே இருக்கு.

நம்ம பக்கத்து மரபில் சுண்ணாம்புப் பூச்சு காய்ந்த பிறகுதான் நிறம் தீட்டுவாங்க. இத்தாலியில் ஈரப்பூச்சின் மேல். ஒரு நாளில் தீட்டி முடிக்கிற அளவுக்கு மட்டும் பூச்சு போடுவாங்க. அந்த ஒரு நாள் பகுதிக்கு ஜொர்னாத்தா என்று பேர். பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது ஒட்டுக் கோடு தெரியும், அதைத் தேடச் சொல்லுங்க. படுவாவில் ஸ்க்ரொவேஞ்ஞி சிற்றாலயத்தில் ஓவியர் ஜொத்தோ 1305 வாக்கில் முடித்த வேலையில் சில இடங்களில் நீலம் உதிர்ந்திருக்கும். அந்த நீலக்கல் பொடி ஈரச் சுண்ணாம்போடு ஒத்துப்போகாது, காய்ந்த பிறகு பசை சேர்த்துத் தீட்டணும். அதனால் மற்ற நிறங்கள் நிற்க, அது மட்டும் போச்சு.

இதை இங்கேயே கையால் செய்து பார்க்கலாம். ஆளுக்கொரு மண் ஓடு. முந்தைய நாள் இரவே தண்ணீரில் ஊறப் போடுங்க. நீற்றிய (தண்ணீர் விட்டுத் தணித்த) சுண்ணாம்பு 1 பங்கு, சலித்த மணல் 2 பங்கு குழைத்து 5 மி.மீ. கனத்துக்குப் பூசுங்க. கொஞ்சம் இறுகியதும் காவி, மஞ்சள் காவி, கரி மூன்றையும் வெறும் தண்ணீரில் கரைத்துத் தீட்டணும், பசை வேண்டாம். காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துச் சுண்ணாம்பு மறுபடி கல்லாகும்போது நிறமும் உள்ளே மாட்டிக்கொள்ளும். ஓடு சரியாக ஊறாவிட்டால் பூச்சின் ஈரத்தை உறிஞ்சி வெடிப்பு விடும். மறுநாள் தீட்டினால் விரலில் பொடி ஒட்டும். அந்த ஓட்டையும் பத்திரமா வையுங்க, ஈரத்துக்கும் காய்ந்ததுக்கும் வித்தியாசம் காட்ட அதைவிட நல்ல பாடம் கிடையாது. கையுறை, கண்ணாடி கட்டாயம். சுட்ட சுண்ணாம்பை வகுப்பில் நீற்றவே கூடாது, நீற்றியதையே வாங்குங்க.

பார்க்கும் இடத்தில் நேரம் குறைவு. ஸ்க்ரொவேஞ்ஞியில் முதலில் 15 நிமிடம் காற்றைச் சீராக்கும் அறையில் உட்கார வைப்பாங்க, உள்ளே வழக்கமா 15 நிமிடம்தான். வத்திக்கானில் உள்ள சிஸ்டைன் கூடத்தில் விளக்கம் சொல்லவோ படம் எடுக்கவோ விடமாட்டாங்க, பாடத்தை வெளியிலேயே முடிச்சிடுங்க. தோளும் முழங்காலும் மறைந்த உடை வேணும். வத்திக்கான் அருங்காட்சியகம் ஞாயிறு மூடல், மாதக் கடைசி ஞாயிறு மட்டும் விலக்கு. பிளாரன்ஸில் உஃபிட்ஸி ஓவியக்கூடமும் தாவீது சிலை இருக்கும் அக்கதேமியாவும் திங்கள் மூடல். அங்கே திங்கள் வந்தால் சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்துக்குப் போங்க. 1427 வாக்கில் மசாச்சோ தீட்டிய 'திரித்துவம்' சுவரோவியம் அங்கே. மேல்வளைவுக் கட்டங்களின் கோடுகளைப் பிரதிப் படத்தில் அளவுகோலால் கீழே நீட்டினால் நிற்பவரின் கண்மட்டத்தில் வந்து கூடும். வரைய பென்சில் மட்டும், பேனா வேண்டாம்.

பதில் 2: மார்த்தாண்டம் பயணி

விசா பக்கம் சொல்றேன். ஷெங்கன் விசாவுக்கு (இத்தாலி உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கான பொது விசா) பயண நாளுக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் எடுக்கமாட்டாங்க. ஏப்ரல், மே மாதங்களில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது பாடு, ஆகவே தள்ளிப் போடாதீங்க. 12 வயதுக்கு மேல் கைரேகை உண்டு, பிள்ளைகள் எல்லாரும் விசா மையத்துக்கு நேரில் போகணும். அங்கே போக இரவு ரயில் டிக்கெட்டையும் சேர்த்துத் திட்டமிடுங்க. 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். பாஸ்போர்ட் திரும்பி வரும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்லணும்.

நம்ம மாவட்டத்தில் சிக்குவது இரண்டு இடம். ஒன்று, 18 வயதுக்குக் கீழே அப்பா அம்மா இருவர் சம்மதமும் வேணும். அப்பா வளைகுடாவில் இருந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்ப வேண்டிவரும், அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். மற்றது இனிஷியல். பள்ளிச் சான்றில் ஒற்றை எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசா. டிக்கெட், காப்பீடு, விண்ணப்பம் மூன்றிலும் பாஸ்போர்ட்டில் இருப்பதை எழுத்துப் பிசகாமல் போடுங்க.

ஏஜென்டிடம் இதையும் கேளுங்க: இத்தாலிய அரசு அருங்காட்சியகங்களில் எந்த நாட்டவரானாலும் 18 வயதுக்குக் கீழ் நுழைவு இலவசம், முன்பதிவுக் கட்டணம் மட்டும் வரலாம். பில்லில் 18 உஃபிட்ஸி டிக்கெட் முழு விலைக்கு இருந்தால் அது யார் பைக்குப் போகுது? வத்திக்கானுக்கும் படுவாவுக்கும் இந்தச் சலுகை பொருந்தாது.

பதில் 3: வேளிமலை

செலவு கையைக் கடித்தால் இலங்கையை யோசிங்க டீச்சர். திருவனந்தபுரத்திலிருந்து கொழும்பு ஒரு மணி நேரப் பறப்புதான். சிகிரியாவில் 5-ஆம் நூற்றாண்டு ஓவியம், பொலன்னறுவையில் கல் விகாரையின் கிடந்த புத்தர், அதே ஊரில் சோழர் கட்டிய சிவன் கோயில், கொழும்பு அருங்காட்சியகத்தில் அங்கே கிடைத்த வெண்கலங்கள். சிகிரியா ஏற 1,200 படி, காலை திறந்ததும் ஏறிடணும். குளவிக் கூடு உண்டு, சத்தம் போடக்கூடாது. ஓவியங்களைப் படம் எடுக்க அனுமதியில்லை. பொலன்னறுவையில் செருப்பைக் கழற்றினால் கல் சுடும், சாக்ஸ் கொண்டு போங்க.

கேட்டவர்: ஓவிய டீச்சர், நாகர்கோவில்

நன்றி சாரே. மூன்று ஊரை வெட்டச் சொல்லி ஏஜென்டுக்கு எழுதிட்டேன். பத்மநாபபுரம் மேல்மாடி ஓவியங்களைப் பிள்ளைகள் பக்கத்தில் பார்க்க வழி உண்டா?

பதில் 4: சுவரோவியன்

உப்பரிகை மாளிகையின் மேல்தளம் எல்லாருக்கும் திறப்பதில்லை. அரண்மனை கேரளத் தொல்லியல் துறையின் கையில். பள்ளித் தலைப்புத் தாளில் மாணவர் பட்டியலோடு முன்கூட்டியே எழுதுங்க. மரத் தளம், சின்ன அறை, ஆறு ஆறு பேராகக் கேளுங்க. திங்கள் விடுமுறை. அனுமதி வராவிட்டால் திருவட்டார் ஆதிகேசவப் பெருமாள் கோயில் இருக்கு, ஆனால் உடைக் கட்டுப்பாடு உண்டு, மற்ற மதப் பிள்ளைகளை உள்ளே விடுவாங்களா என்று அலுவலகத்தில் முதலில் கேட்டுவிட்டுப் பஸ் ஏறுங்க.